முகம் கழுவும்போது தள்ளுகிறவர்

ரஷ்வான் செத்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் மதியம், மனைவி இன்ஸாஃபைத் தள்ளினார்.

ளுஹர் தொழுகைக்காகக் கை, முகம் கழுவி உளூ செய்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளி, கண்ணை மூடி, முகத்தில் அடித்த நேரம். இடது பக்கமாக ஓர் இடி. நெற்றி குழாயில் மோதப் போய், வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்து நின்றுகொண்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். இன்ஸாஃப் வாயில் வந்தது, "இருங்க, ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" என்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை. அந்த வீட்டில் ஒழுங்காகத் தண்ணீர் வருவது ஒரே குழாயில். ரஷ்வானுக்கு, சூயஸ் கால்வாயைக் கடந்து போர்ட் சயீதுக்கும் போர்ட் ஃபுவாதுக்கும் நடுவே ஓடும் படகில் வடம் வீசுகிற வேலை. தினமும் காலையில் அவள் முகம் கழுவும்போதுதான் அவருக்கும் அவசரம் வரும். "தள்ளு, தள்ளு, படகு எனக்காக நிக்காது" என்று தோளால் ஓர் இடி இடித்து உள்ளே புகுந்துவிடுவார். அவரை ஓரமாக நிற்கச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலை நரைத்தது.

சொல்லி முடித்த பிறகுதான் ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஈர முகத்தோடு அவள் மட்டும் நின்றாள். கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. உடம்பு நடுங்கியது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

அன்றிலிருந்து அவர் வர ஆரம்பித்தார். கண் திறந்திருந்தால் வர மாட்டார். மூடினால்தான் வருவார். செத்துப்போனவர்களுக்குத் தங்களைப் பார்ப்பது பிடிக்காது போலிருக்கிறது என்று இன்ஸாஃப் தானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டாள். இந்த விஷயத்தை மகனிடம் சொல்லவில்லை. கீழ் வீட்டு தவ்லத்திடம் மூச்சே விடவில்லை. தவ்லத்திடம் ஒன்றைச் சொல்வதும் மீன் சந்தையில் நின்று கூவுவதும் ஒன்றுதான்.

பாதத்தைப் பற்றியும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அது வேறு கதை என்றுதான் நினைத்திருந்தாள். சில வருஷங்களாகவே உள்ளங்கால் எரியும், எறும்பு ஊரும், பிறகு ஒன்றுமே தெரியாது. பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கும். ஒருமுறை கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பே இல்லை என்று தெரிந்தது. கடைக்காரனோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். சர்க்கரை மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள். டீயில் மட்டும் சர்க்கரை மறக்கவே மறக்காது.

ஆறேழு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டார். புருவம் பிளந்து, வாஷ்பேசின் முழுக்க ரத்தம். சத்தம் கேட்டு ஓடிவந்த தவ்லத் அவளுக்குத் துணியைக் கட்டிவிட்டு, கையோடு கெய்ரோவுக்கு போன் போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் மகன் ரிஃபாத் வந்து நின்றான்.

"இதோட போதும்மா. கிளம்பு. துணிமணி எடுத்து வை."

"எங்கடா?"

"எங்கயா? என் வீட்டுக்குத்தான். உன்னை இங்க தனியா விட்டுட்டு நான் அங்க தூங்கவா?"

"கெய்ரோல எனக்கு மூச்சு முட்டும்."

"இங்க மண்டை உடையுது. எது பரவால்ல?"

உங்க அப்பா இங்கேதான் இருக்கார், அந்தக் குழாயடியில், அவரை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மகனிடம் எப்படிச் சொல்வாள்? அவன் தாயைப் பைத்தியக்கார டாக்டரிடம் கூட்டிப் போவான். அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவைத்தாள். கடைசியில் அவன் ஒரு வழிக்கு இறங்கி வந்தான். "ஆஸ்பத்திரிக்கு வா. நீ தனியா இருக்கலாம்னு டாக்டர் வாயால சொல்லட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் டைம் தர்றேன். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டே இருப்போம்."

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில் இருந்தவள் இரீனி என்ற சின்ன வயசு டாக்டர். கழுத்தில் சிறிய சிலுவை, காலில் விளையாட்டு ஷூ. மக்காவைக் கனவில்கூடப் பார்க்காத இன்ஸாஃபை, வயதான எல்லாப் பெண்களையும் அழைக்கிறபடி, "ஹாஜ்ஜம்மா" என்றாள். ரிஃபாத்தை வெளியே உட்காரச் சொன்னாள். இன்ஸாஃபைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தைக் குத்தினாள்.

"தொடும்போது சொல்லுங்க ஹாஜ்ஜம்மா."

"சரிம்மா. ஆரம்பி."

"முடிச்சிட்டேன்."

இன்ஸாஃப் எழுந்து தன் கால்களைப் பார்த்தாள். ஏதோ சின்ன வெட்கம் வந்தது, காரணம் தெரியவில்லை.

"இப்ப எழுந்து நில்லுங்க. ரெண்டு காலையும் ஒட்டி வையுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். கண்ணை மூடுங்க."

மூடினாள். மூடின கணமே இடது பக்கம் அதே இடி. இரீனியின் கைகள் தாங்கிப் பிடித்தன.

"அல்லாஹ்! இங்கயும் வந்துட்டாரா!"

"யாரு?"

"யாருமில்ல."

இரீனி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "யாரோ தள்ற மாதிரி இருக்குதானே? முகம் கழுவும்போதும் அப்படித்தானே இருக்கும்? யாரும் தள்ளல ஹாஜ்ஜம்மா. தரை எங்க இருக்குன்னு பாதம்தான் தலைக்குச் சொல்லணும். உங்க பாதத்து நரம்பை சர்க்கரை தின்னுருச்சு. அது ஒண்ணும் சொல்றதில்ல. கண்ணு பார்த்துப் பார்த்துச் சமாளிக்குது. கண்ணை மூடினா, உடம்பு எங்க நிக்குதுன்னே தெரியாம சாயுது. அவ்வளவுதான்."

இன்ஸாஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. ரஷ்வானைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? வீசின வடம் ஒருநாளும் தவறாத தோள் அது. அந்தத் தோளின் இடி அவளுக்குத் தெரியாதா? "சரிம்மா, நீ படிச்ச பொண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நம்பவில்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் துணைக்கு வந்தாரே என்று மனசு குளிர்ந்தது.

"போன நரம்பு அத்தனையும் திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் இரீனி. "மிச்சம் இருக்கிறதைப் பழக்கலாம். கணுக்காலைப் பலப்படுத்தலாம். தினமும் செய்யணும். கண்ணை மூடிக்கிட்டு, நான் போதும்னு சொல்ற வரைக்கும் நீங்க ஆடாம நின்னுட்டா, உங்க மகன்கிட்ட நானே சொல்றேன், ஹாஜ்ஜம்மா தனியா இருக்கலாம்னு."

இன்ஸாஃப் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். அதற்காக அவள் தலைகீழாக நிற்கக்கூடத் தயார்.

பயிற்சியை ஆரம்பிக்கும் முன்னே தவ்லத் குறுக்கே வந்தாள். ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு வந்து, அதில் பாதியைத் தானே தின்றுவிட்டு, மகன் பேரை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உம்மு ரிஃபாத், டாக்டர் கிடக்கிறா. உன் பாத்ரூம்ல 'அவங்க' இருக்காங்க. படியேறும்போதே எனக்கு மயிர் குத்திட்டு நிக்குது."

"எவங்க?"

"பேரைச் சொல்ல வைக்காதே! பிஸ்மில்லா, பிஸ்மில்லா. நாளைக்கு நான் சாம்பிராணி கொண்டுவர்றேன். அந்தப் புகையை ஏழு தடவை தாண்டு. கண்ணேறும் போகும், அவங்களும் போவாங்க."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் தோண்டுவாள். சரி, சாம்பிராணி ஜின்னுக்குத்தானே, ரஷ்வானுக்கு இல்லையே என்று இன்ஸாஃப் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலையில் முகம் கழுவும்போது அவரிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தாள். "நீங்க பயந்து ஓடிராதீங்க. இது உங்களுக்கு இல்ல."

தவ்லத் மண் தூபக்காலில் கரி நிறையக் கனியவிட்டு, கூடத்து நடுவில் வைத்தாள். புகை மூக்கை அடைத்தது. இன்ஸாஃப் வெறுங்காலோடு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தவ்லத் சலவாத்து சொல்லிக்கொண்டே எண்ணினாள். நாலாவதோ ஐந்தாவதோ தாண்டியபோது, பாதம் தூக்கினபடி வராமல் விளிம்பில் இழுபட்டது. தூபக்கால் சாய்ந்தது. இன்ஸாஃப் அந்தப் பக்கம் போய் நின்று, மூக்கைச் சுளித்தாள்.

"தவ்லத், அடுப்பைப் பாரு. என்னமோ தீயுது."

தவ்லத் அடுப்பைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "கால்! உன் கால்டி! கரிமேல நிக்கிறே!"

இன்ஸாஃப் குனிந்து பார்த்தாள். வலது கால் விரல்களுக்கு அடியில் ஒரு கங்கு சிவப்பாக இருந்தது. அவளுடைய சதைதான் கருகிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. தெருவில் யாருடைய காலோ தீப்பிடித்ததைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். தவ்லத்தான் அவளை இழுத்துத் தள்ளினாள்.

அன்றைக்குத்தான் இன்ஸாஃபுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கால் தன்னோடு இல்லை. அது அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது. ரஷ்வான் எங்கே இருக்கிறாரோ அங்கே போய் நிற்கிறது. அதனால்தான் அவர் வருவது தனக்குத் தெரிகிறது, ரிஃபாத்துக்குத் தெரியவில்லை, தவ்லத்துக்குத் தெரியவில்லை. இப்படி நினைத்ததும் பட்டப்பகலில் அவளுக்குக் குளிர் எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே படகு ஊதியது. காலை மெல்லத் தடவிப் பார்த்தாள். கைக்குக் கால் தெரிந்தது, காலுக்குக் கை தெரியவில்லை.

இரீனி கட்டைப் பிரித்துப் பார்த்து, வாய்விட்டுத் திட்டினாள்.

"சாம்பிராணியா? வெறுங்காலோடயா? ஹாஜ்ஜம்மா, இந்தப் புண்ணு கொஞ்சம் ஆழமாப் போயிருந்தா இன்னிக்கு நான் பேசறது விரலை எடுக்கிறதைப் பத்தி. வீட்டுக்குள்ளயும் ஷூ. தினமும் கண்ணாடியைக் கீழ வெச்சு உள்ளங்காலைப் பார்க்கணும். வலிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல."

"தவ்லத்துதான்..."

"தவ்லத்துக்கும் சேர்த்துதான் சொல்றேன். புண்ணு ஆறுற வரைக்கும் நிக்கிற பயிற்சி கிடையாது. உட்கார்ந்துதான்."

உட்கார்ந்தே செய்தாள். கணுக்காலைச் சுற்றினாள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுத்தாள். காலைத் தூக்கி, பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதச் சொல்லியிருந்தாள் இரீனி. பள்ளிக்கூடப் படி அதிகம் ஏறாத இன்ஸாஃப், தெரிந்த எழுத்தெல்லாம் தீர்ந்த பிறகு ரஷ்வானின் பெயரை எழுதினாள். அவர் பெயரிலேயே நாளுக்கு நாள் கோணல் குறைந்தது. தவ்லத் குற்றவுணர்ச்சியில் தினமும் மாடியேறி வந்து எதிரே உட்கார்ந்து, தானும் காலை ஆட்டினாள். டீயில் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து, "சாம்பல் தண்ணி மாதிரி இருக்கு, குடி" என்பாள்.

புண் ஆறி, நிற்க அனுமதி கிடைத்தது. கூடத்து மூலையில், பின்னால் இரண்டு சுவர், முன்னால் ஒரு நாற்காலி. காலில் ரிஃபாத் அனுப்பிய அகலமான ஷூ. குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை ஒட்டி வைத்து நிற்பது. பிறகு கண்ணை மூடி நிற்பது. முதலில் மூடினவுடனே ரஷ்வான் வந்து சுவரோடு சாய்த்துவிட்டார். இன்ஸாஃப் சிரித்துவிட்டாள். "விடுங்க, எனக்குப் பரீட்சை இருக்கு" என்று சொல்லி மறுபடியும் நின்றாள். அவர் தள்ளுவார், இவள் நிற்பாள். அந்த வீட்டில் மறுபடியும் இரண்டு பேர் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

வாரங்கள் போகப் போக இடி இலேசானது. தோளால் இடித்தவர் இப்போது முழங்கையால் தொட்டார். பிறகு விரலால். இன்ஸாஃபுக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் உடனே ஒரு சமாதானம் தேடிக்கொண்டாள். காலில் பட்ட தீப்புண்ணைப் பார்த்திருப்பார், பாவம், மனசு கேட்காமல் மெதுவாகத் தள்ளுகிறார். உயிரோடு இருந்தபோது இல்லாத கரிசனம் செத்தபிறகாவது வந்ததே என்று பெருமையாகக்கூட இருந்தது. மனுஷி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதில் மகா கெட்டிக்காரி.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் பரீட்சை வந்தது. ரிஃபாத் கெய்ரோவிலிருந்து வந்து டாக்ஸியில் அழைத்துப் போனான். அவன் முன்சீட்டில் டிரைவரோடு ஆட்டு விலை பேசிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் இன்ஸாஃப் முக்காட்டை வாய்மேல் இழுத்துக்கொண்டு, பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துப் புருஷனிடம் முணுமுணுத்தாள்.

"அபூ ரிஃபாத், கேளுங்க. இன்னிக்கு மட்டும் வராதீங்க. என்கூட உள்ள வராதீங்க. இப்படியே இறங்கி வீட்டுக்குப் போயிருங்க. நான் விழுந்தேன்னா நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சிருவாங்க. உங்களை வேண்டாம்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. இன்னிக்கு ஒருநாள்தான். சரியா?"

"என்னம்மா?" என்று ரிஃபாத் திரும்பினான்.

"துஆ ஓதுறேன்டா. நீ ஆட்டைப் பாரு."

இரீனி அவளை அறை நடுவில் நிறுத்தினாள். சுவர் இல்லை, நாற்காலி இல்லை. ரிஃபாத் கதவோரம் நின்றான்.

"கண்ணை மூடுங்க ஹாஜ்ஜம்மா."

மூடினாள். இருட்டு வந்தது. இடது தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். உடம்பு கொஞ்சம் அசைந்தது. அசைந்ததும், அவள் கேட்காமலே, கணுக்கால் ஒரு பிடி பிடித்தது. விரல்கள் ஷூவுக்குள் தரையைக் கவ்வின. மறுபடியும் அசைந்தது, மறுபடியும் கால் பிடித்தது. ரொம்ப நாளாகப் பேசாமலிருந்த ஒருத்தி பக்கத்து அறையிலிருந்து முனகுகிற மாதிரி, பாதத்தின் ஓரத்தில் எங்கேயோ தரை இருப்பது தெரிந்தது. தோளில் ஒரு விரல்கூடப் படவில்லை.

"போதும். கண்ணைத் திறங்க."

ரிஃபாத் ஓடிவந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "பார்த்தியாம்மா? உன்னால முடிஞ்சிருச்சு. நான்தான் பயந்து செத்தேன்."

"ஹாஜ்ஜம்மா தனியா இருக்கலாம்" என்றாள் இரீனி. "பயிற்சியை மட்டும் விட்டுராதீங்க. விட்டா பழையபடி ஆயிரும்."

ரிஃபாத் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பெருநாள் ஆட்டைப் பார்க்கப் போனான். இன்ஸாஃப் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். கதவைத் திறந்ததும் செருப்புப் பலகையைக்கூடப் பார்க்காமல் நேரே குழாயடிக்குப் போனாள். ஜெயித்துவிட்டு வந்தவளின் அவசரம் அது.

"அபூ ரிஃபாத், முடிஞ்சிருச்சு. இங்கயே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. இப்ப வாங்க."

குழாயைத் திறந்தாள். தண்ணீரை அள்ளினாள். கண்ணை மூடி முகத்தில் அடித்தாள். காத்திருந்தாள்.

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கால்கள் ஊன்றி நின்றன.

ஷூவைக் கழற்றி எறிந்தாள். வெறுங்காலோடு, பாதங்களை ஒட்டி வைத்து, மறுபடியும் மூடினாள். உடம்பு சாய்ந்தது. சாய்ந்த உடனே பாழாய்ப்போன கணுக்கால் முந்திக்கொண்டு பிடித்துவிட்டது. வேண்டுமென்றே இடது பக்கம் தளர்ந்து பார்த்தாள். கால் விடவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான் சும்மாத்தான் சொன்னேன்" என்றாள். "ஒருநாள்தானே சொன்னேன். வீட்டுக்குப் போங்கன்னுதானே சொன்னேன். தள்ளுங்களேன். ஒரே ஒரு தடவை தள்ளுங்களேன்."

எத்தனை நேரம் அப்படி நின்றாளோ. முகத்துத் தண்ணீர் காய்ந்துவிட்டது. கூடத்தில் போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. யாரும் பிடிக்காமல், எதையும் பிடிக்காமல், அவள் நேராக நடந்துபோய் எடுத்தாள்.

"என்னம்மா, போனை எடுக்க இவ்வளவு நேரம்? ஆட்டுக்குட்டி அருமையா இருக்கு. சாயங்காலம் கொண்டுவர்றேன்."

"ரிஃபாத்."

"சொல்லும்மா. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? விழுந்துட்டியா?"

"விழலடா. உங்க அப்பா போயிட்டார்டா."

அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவது கேட்டது. யாரோ விலை கூவினார்கள்.

"அம்மா... அப்பா போய் ஒரு வருஷம் ஆகுதேம்மா."

"இல்லடா" என்றாள் இன்ஸாஃப். "இப்பத்தான் போனார். நீ வா."